சார் மாதிரி பேசிக் காட்டுங்க

என் தங்கை புருஷனைப் பற்றி நான் எழுதுகிறேன் என்று தெரிந்தால் அந்த மனிதர் அன்றைக்கே காய்ச்சல் வந்து படுத்துவிடுவார். தெரியப் போவதில்லை. தலைமை அலுவலகத்திலிருந்து வரும் சுற்றறிக்கையைத் தவிர வேறு எதையும் அவர் படிப்பதில்லை. அதையும் இரண்டு தடவை படிப்பார். முதல் தடவை விஷயத்துக்காக, இரண்டாவது தடவை தன் பெயர் எங்காவது இருக்கிறதா என்று பார்ப்பதற்காக.

எனக்கு மூக்குக் கண்ணாடிக் கடை. கடைக்கு நேர் எதிரே ஒரு பார்சல் கம்பெனியின் கிளை. அங்கேதான் மாப்பிள்ளைக்கு வேலை. மூட்டைக்குச் சீட்டு ஒட்டுகிற ஆளாகச் சேர்ந்து, படிப்படியாக ஏறி, கடைசியில் கிளைப் பொறுப்பாளர் நாற்காலி வரைக்கும் வந்துவிட்டார். ஆனால் அந்த நாற்காலி அப்போது முழுதாக அவருடையது இல்லை. 'தற்காலிகப் பொறுப்பு' என்று போட்டுத்தான் உட்கார வைத்திருந்தார்கள். தற்காலிகம் என்று சொல்லி இரண்டு வருஷம் ஓடிவிட்டது. அந்த ஒரு வார்த்தை மனிதரைப் பாதி தின்றுவிட்டது. ஐம்பதை நெருங்கும் வயதில் வேறு எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்? வீட்டில் படிக்கிற பெண்கள் இரண்டு பேர். என் தங்கைக்கு முட்டி வலி.

அவருக்கு ஆபீஸில் 'சரிங்க' என்று பட்டப்பெயர். எது சொன்னாலும் சரிங்க. மழையில் லோடு நனைகிறதே, தார்ப்பாய் அனுப்புங்கள் என்று கேட்கப் போவார். அனுப்ப முடியாது என்பார்கள். சரிங்க என்று திரும்பி வருவார். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். "என்ன மாப்பிள்ளை, கேக்கப் போனீங்களா, சரிங்க சொல்லப் போனீங்களா?" என்பேன். "மச்சான், உங்களுக்கு நீங்களே முதலாளி. எங்க நிலைமை வேற," என்பார். அதுவும் சரிதான். எனக்குப் பயம் காட்ட என் கடையில் ஆள் இல்லை.

அவருடைய ஆபீஸ் ஒரு நீளமான தகரக் கொட்டகை. பின்பக்கம் லாரி வந்து நிற்கும் மேடை, நடுவில் எடைமேடை, முன்பக்கம் கண்ணாடித் தடுப்பு போட்ட சின்ன அறை. அந்த அறையில் இரண்டே இரண்டு மேசைகள். ஒன்று மாப்பிள்ளைக்கு. இன்னொன்று, திரும்பி வரும் பார்சல்களைக் கவனிக்கும் அம்மாவுக்கு. அந்த அம்மாவை எல்லோரும் ரேடியோ என்பார்கள். வாய் ஓயாது என்பதால் அல்ல, எந்தக் குரலும் அவர்களுக்கு வரும் என்பதால். லாரி டிரைவர் மாதிரி பேசுவார்கள், பார்சல் உடைந்துவிட்டது என்று சண்டைக்கு வரும் வாடிக்கையாளர் மாதிரி பேசுவார்கள், என்னை மாதிரியும் பேசிக் காட்டியிருக்கிறார்கள். நான் இப்படியா கத்துகிறேன் என்று எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

தினமும் காலையில் அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. எல்லாக் கிளைகளும் ஒரே போன் லைனில் சேர வேண்டும். மறுமுனையில், தலைமை அலுவலகத்தில், எல்லாக் கிளைகளுக்கும் மேலதிகாரியான பெரிய சார். ஒவ்வொரு கிளையாகக் கூப்பிட்டு, நேற்று வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, தேங்கியது எவ்வளவு என்று கேட்பார். மற்ற நேரம் அவரே பேசுவார். கூப்பிடும் வரை போனில் ஒரு பொத்தானை அழுத்தி வைத்துவிட்டால் இந்தப் பக்கத்துச் சத்தம் அந்தப் பக்கம் போகாது.

பெரிய சார் யாரையும் திட்டியதே கிடையாது. அதுதான் பிரச்சினையே. தொண்டையைச் செருமிக்கொண்டு, "எனக்குக் கோபம் இல்ல. வருத்தம்தான்," என்பார். அவர் வருத்தப்பட்டால் ஒரு ஆள் காலி. மாப்பிள்ளைக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவருக்கு நடந்தது எனக்கே தெரியும். முதலில், காலைப் பேச்சில் அவருடைய கிளையைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். அந்தக் கிளையைத் தாண்டி அடுத்த கிளைக்குத் தாவிவிடுவார் சார். கொஞ்ச நாள் கழித்து அவருடைய மேசையை ரிப்பேருக்கு என்று தூக்கிக்கொண்டு போனார்கள். மேசை திரும்பவே இல்லை. அந்த மனிதர் ஒரு பார்சல் மூட்டை மேல் உட்கார்ந்து கொஞ்ச நாள் வேலை பார்த்தார். பிறகு தானாகவே எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். வேலையை விட்டுப் போ என்று யாரும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்படிப்பட்ட சாரைத்தான் ரேடியோ அம்மா தினமும் காலையில் நடித்துக் காட்டுவார்கள். பொத்தானை அழுத்தியாகிவிட்டது என்று தெரிந்ததும் ஆரம்பித்துவிடுவார்கள். செருமல், இழுப்பு, அந்த வருத்தம், எல்லாம் அச்சு அசல். மாப்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவார். அந்த மனிதர் ஒரு நாளில் சிரிப்பது அந்த நேரம் மட்டும்தான் என்று என் தங்கை சொல்வாள். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லி அவர் சிரித்ததை நானும் பார்த்திருக்கிறேன்.

வினை புது போன் உருவத்தில் வந்தது. பழைய போனைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்று வைத்தார்கள். பழைய போனில் விளக்கு எரிந்தால் சத்தம் போகாது. புதியதில் விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். சிவப்பு, பச்சை இரண்டில் ஒன்று எரிந்தால் சத்தம் போகும், இன்னொன்று எரிந்தால் போகாது. வைத்துவிட்டுப் போனவன் எது எதற்கு என்று ஒரு தடவை சொல்லிவிட்டுப் போனான். இவரும் சரிங்க என்றார்.

அன்றைக்கு சார் ஏதோ ஒரு கிளையில் தேங்கிய பார்சல்களைப் பற்றி வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். ரேடியோ அம்மா செருமிக்கொண்டு ஆரம்பித்தார்கள்: "எனக்குக் கோபம் இல்ல. வருத்தம்தான். காபி ஆறிப்போச்சு, வருத்தம். மழை வந்துச்சு, வருத்தம். நீங்கல்லாம் மூச்சு விடறீங்க பாருங்க, அதுதான் எனக்கு ரொம்ப வருத்தம்."

மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அதே நேரம் போனில் சாரின் பேச்சு நின்றது. நடு வாக்கியத்தில் நின்றது. லைனில் இருந்த எந்தக் கிளையும் மூச்சு விடவில்லை. அப்புறம் சார் செருமிவிட்டு, "சரி. அடுத்தது பார்ப்போம்," என்றார்.

இவர் பதறிப்போய்ப் பொத்தானை எத்தனை தடவை என்று தெரியாமல் மாறி மாறி அழுத்தினார். அழுத்திய பிறகுதான் தோன்றியது, அழுத்துவதற்கு முன்னால் விளக்கு சிவப்பாக இருந்ததா, பச்சையாக இருந்ததா? பார்க்கவில்லை. ரேடியோ அம்மாவும் பார்க்கவில்லை. சோதித்துப் பார்த்து எந்த நிறம் எதற்கு என்று கண்டுபிடித்துவிடலாம். அன்றைக்கு எந்த நிறம் எரிந்தது என்பதை எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

சாயங்காலம் தங்கை என் கடைக்கு வந்தாள். முட்டி வலியோடு நடந்தே வந்திருந்தாள்.

"அண்ணே, அவர் சாப்பிடல. ஆபீஸ்லருந்து வந்ததுலருந்து சுவத்தப் பாத்துட்டு உக்காந்திருக்காரு. சின்னவ சிரிச்சதுக்கு, 'சத்தம் வெளிய போவுது, சிரிக்காத'ன்னு அதட்டறாரு."

நான் போய் விஷயத்தைக் கேட்டேன். கேட்டதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. "இதுக்கா மாப்பிள்ளை? கேட்டிருந்தா கேட்டிருக்கட்டும். ஒரு ஆளு தண்ணி குடிக்கறதுக்குக் கூடத்தான் பேச்ச நிறுத்துவான். நீங்களா போய் எதையும் கிளறாதீங்க. சும்மா இருங்க, போதும்."

"சரிங்க மச்சான்," என்றார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

மறுநாள் காலை சார் மற்ற எல்லாக் கிளைகளையும் கூப்பிட்டார். இவருடைய கிளையைக் கூப்பிடவில்லை. அதற்கு மறுநாளும் கூப்பிடவில்லை. கையில் கணக்கை வைத்துக்கொண்டு, பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு, "எங்க கிளை சார்" என்று சொல்ல வாய் வராமல் உட்கார்ந்திருந்தாராம். பேச்சு முடிந்ததும் எழுந்து கழிவறைக்கு ஓடினாராம்.

அதற்கப்புறம் பார்ப்பது எல்லாம் பேயாகத் தெரிந்தது. இன்னொரு கிளைக்காரர் போன் செய்து, "என்ன சார், நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டார். ஏன் கேட்டார்? இத்தனை வருஷம் கேட்காதவர் இன்றைக்கு ஏன் கேட்கிறார்? தலைமை அலுவலகத்து டிரைவர் இவரைப் பார்த்துத் தலையை ஆட்டினான். எப்போதும் ஆட்டுவதைவிட மெதுவாக ஆட்டினான். ஒரு நாள் இரண்டு ஆட்கள் அறைக்குள் வந்து மேசையை நகர்த்தியதும் இவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வந்தவர்கள் பெருக்க வந்தவர்கள். இதையெல்லாம் கடைக்கு வந்து, கண் பரிசோதிக்கும் நாற்காலியில் உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் சொல்வார். கடையில் நாங்கள் இரண்டு பேர்தான் இருப்போம். அப்போதும் தாழ்ந்த குரல்தான். கேட்டுக் கேட்டு எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. வாசலில் யாராவது நிழலாடினால் நானும் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தேன்.

ரேடியோ அம்மாவுக்கு இவரைப் பார்த்துப் பாவமாக இருந்திருக்கிறது. "சார், நீங்க ஏன் உசுர விடறீங்க? பேசினது நானு. கேட்டா நான்தான்னு சொல்லிடறேன். நீங்க எதுவுமே பேசலையே," என்று சொல்லியிருக்கிறார்கள். இவர் அதற்கும் சரிங்க என்றார். அந்த அம்மா நல்ல மனசோடு சொன்ன வார்த்தை இவருடைய மண்டைக்குள் போய் வேறு விதமாக முளைவிட்டது.

பிறகு தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு போன். "சார் உங்கள நேர்ல பாக்கணும்ங்கறாரு. வந்துட்டுப் போங்க."

அங்கே நடந்ததை அவர் திரும்பி வந்ததும் நேராக என் கடைக்கு வந்து சொன்னார். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

சாரின் அறை நல்ல குளிர். மேசை மேல் ஒன்றும் இல்லை, ஒரு தண்ணீர் டம்ளரும் மாத்திரை டப்பாவும் மட்டும். உட்காரச் சொன்னார். இவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். சார் செருமிக்கொண்டு, "உங்க கிளையப் பத்தி ஒரு விஷயம் பேசணும்," என்றார்.

அவ்வளவுதான். அடுத்த வாக்கியத்துக்கு இந்த மனிதர் இடம் கொடுக்கவில்லை.

"சார், நான் இல்ல சார். அந்தம்மாதான் சார். நான் எதுவும் பேசல. லேசா சிரிச்சேன், அதுவும் ஒரு மரியாதைக்குத்தான் சார். பல தடவ வேணாம்னு சொல்லியிருக்கேன். என் பேச்ச கேக்கறதில்ல."

சார் அவரையே பார்த்தார். "எந்தம்மா? என்ன பேசினாங்க?"

"அன்னைக்கு போன்ல... நீங்க கேட்டீங்களே சார்."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

அப்போதாவது எழுந்து ஓடி வந்திருக்கலாம். எதையாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். ஆனால் சார் விடவில்லை. கோபமே இல்லாமல், ஒரு குழந்தையிடம் கேட்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டார். யார், எப்போதிலிருந்து, என்ன மாதிரி. இவர் எல்லாவற்றையும் உளறிக் கொட்டிவிட்டார். கொட்டி முடித்ததும் சார் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"எப்படிப் பேசுவாங்க? பேசிக் காட்டுங்க."

"சார்..."

"பரவாயில்ல. பேசிக் காட்டுங்க. நானும் கேக்கறேன்."

மாப்பிள்ளை எழுந்து நின்றாராம். ஏன் எழுந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, சாரின் எதிரில் நின்று, சார் மாதிரியே செருமி, "எனக்குக் கோபம் இல்ல, வருத்தம்தான்," என்று ஆரம்பித்து, காபி, மழை, மூச்சு விடுவது வரைக்கும் சொல்லி முடித்திருக்கிறார். நடுவில் ஒரு இடம் மறந்துபோய், திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தாராம்.

சார் சிரித்தார். "நல்லா இருக்கே," என்றார். அப்புறம் மாத்திரை ஒன்றைப் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, கூப்பிட்ட விஷயத்தைச் சொன்னார். கிளை ஒழுங்காக நடக்கிறது. தேக்கமே இல்லாத கிளையைக் காலையில் கூப்பிட்டு நேரத்தை ஏன் வீணாக்க வேண்டும் என்றுதான் விட்டுவிட்டார். அடுத்த மாதத்திலிருந்து தற்காலிகம் இல்லை, நிரந்தரம். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டது.

"என்ன மாப்பிள்ளை பண்ணிட்டு வந்திருக்கீங்க! உங்க தலைக்குக் கத்தியே வரல. இல்லாத கத்திய நீங்களே எடுத்துட்டுப் போய், அடுத்தவ கழுத்துல வெச்சுட்டு வந்திருக்கீங்களே!" கடை அதிரக் கத்தினேன். "திரும்பப் போங்க. போய் நானும் சேர்ந்துதான் சிரிச்சேன், அந்தம்மா மேல மட்டும் தப்பு இல்லன்னு சொல்லுங்க."

"சரிங்க மச்சான். நாளைக்குப் போறேன்," என்றார்.

போகவில்லை. வாரம் திரும்புவதற்குள் ரேடியோ அம்மாவின் மேசை ரிப்பேருக்குப் போனது. அந்த அம்மா மூட்டை மேல் எல்லாம் உட்காரவில்லை. அன்றைக்கே பையை எடுத்துக்கொண்டார்கள்.

போகும் வழியில் என் கடைக்குள் வந்தார்கள். கண்ணாடிக் காம்பு லூசாகிவிட்டது, திருகிக் கொடுங்கள் என்றார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு திருகினேன். எதிரே, தகரக் கொட்டகை வாசலில், மாப்பிள்ளை கதவுக்குப் பின்னால் பாதி மறைந்து நிற்பது எனக்குத் தெரிந்தது.

"என் வாய்தான் எனக்கு எமன், வேற யாரும் இல்ல," என்றார்கள் அந்த அம்மா. "லைட்டப் பாக்காம பேசிட்டேன். பெரிய சார் அன்னைக்கே கேட்டிருக்காரு, இத்தன நாள் மனசுல வெச்சுட்டு இருந்திருக்காரு. எனக்கு என் கவலை இல்ல. உங்க மாப்பிள்ளைய நினைச்சாத்தான் பயமா இருந்துச்சு. புள்ளக்குட்டிக்காரரு. அதான் சார் கூப்பிட்டு விசாரிச்சப்போ, அவரு சிரிக்கவே இல்ல, என்னைக் கண்டிச்சாருன்னு அடிச்சுச் சொல்லிட்டேன். அவரு வேலைக்கு ஒண்ணும் வராது. நீங்க சொல்லி வைங்க, பாவம், தூங்கட்டும்."

திருகாணி என் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அதைத் தேடுகிற சாக்கில் மேசைக்கு அடியில் கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தேன். அந்த அம்மா முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அன்று சாயங்காலம் மாப்பிள்ளையிடம் சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அழுவார் என்று நினைத்தேன். அழ வேண்டும் என்றுகூட ஆசைப்பட்டேன். அவர் முகம் வெளுத்துப் போனது.

"சிரிக்கவே இல்லன்னா சொன்னாங்க?" என்றார். "ஐயோ மச்சான், நான் லேசா சிரிச்சேன்னு சார்கிட்ட சொல்லியிருக்கேனே. ரெண்டும் ஒத்துப்போகலையே. சார் என்ன நினைப்பாரு?"

நான் அதற்கப்புறம் அவரிடம் கொஞ்ச நாள் பேசவில்லை. தங்கைக்காகத்தான் மறுபடி பேச ஆரம்பித்தேன்.

நிரந்தரம் ஆகிவிட்டது. உத்தரவு வந்த அன்று வீட்டில் இனிப்பு வாங்கினார்கள். அதே மாதம் எல்லாக் கிளைப் பொறுப்பாளர்களுக்கும் தலைமை அலுவலகத்தில் கூட்டம். கூட்டம் முடியும் நேரத்தில் பெரிய சார் இவர் பக்கம் கையைக் காட்டி, "இவர் என்னை மாதிரி நல்லா பேசுவாரு. எங்க, பேசிக் காட்டுங்க," என்றார்.

நீள மேசையைச் சுற்றி அத்தனை பேர். மாப்பிள்ளை எழுந்து நின்று செருமினார். காபி, மழை, மூச்சு. ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் சாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சார் சிரித்தார். உடனே எல்லோரும் சிரித்தார்கள். சார் நிறுத்தியதும் நிறுத்தினார்கள். "பாருங்க, இங்க யாரும் யாருக்கும் பயப்படறதில்ல," என்றார் சார்.

அடுத்த மாதமும் பேசச் சொன்னார். அதற்கடுத்த மாதமும். இப்போது அது வழக்கமாகிவிட்டது. கூட்டம் முடிவது இவர் பேச்சோடுதான்.

போன வாரம் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். பெண்கள் இரண்டு பேரும் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே போகவில்லையா என்றால், "அப்பா பேசிட்டு இருக்காரு மாமா," என்றார்கள். உள்ளே அறைக் கதவு சாத்தியிருந்தது. கதவுக்குப் பின்னால் ஒரு ஆள் செருமினான். "எனக்குக் கோபம் இல்ல," என்றான். அது மாப்பிள்ளையின் குரல் இல்லை. அந்தச் சார் பேசி நான் ஒரே ஒரு தடவை, அவர் கிளையைப் பார்க்க வந்தபோது, கேட்டிருக்கிறேன். அதே குரல்.

"தினமும் இப்படித்தான் அண்ணே," என்றாள் தங்கை. கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். "அவர் வரட்டும்னு காத்திருக்கேன், அந்த ஆளுதான் வெளிய வந்துடுவானோன்னு இருக்கு."

கதவைத் தட்டினேன். மாப்பிள்ளை திறந்தார். வேர்த்து வழிந்துகொண்டிருந்தது. ஆறே மாதத்தில் கழுத்து மெலிந்து, சட்டைக் காலர் தொங்கியது. என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்.

"மச்சான், நீங்க கேட்டுச் சொல்லுங்க. எங்க தப்பு வருதுன்னு தெரியல. புதுசா ரெண்டு வரி சேர்த்துப் பாத்தேன், அதுவும் சரியா வரல." குரல் இறங்கிப் போனது. "போன கூட்டத்துல சார் சிரிக்கல."